முதலில் அடுப்பு

உங்கள் வீட்டுக் கதவை யாராவது உதைத்துத் திறந்திருக்கிறார்களா? இல்லையென்றால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மரம் பிளக்கிற சத்தம் பிறகுதான் வரும். முதலில் தாழ்ப்பாளின் திருகாணிகள் பல்லைப் பிடுங்குவதுபோல மரத்தைப் பிய்த்துக்கொண்டு கழன்று வரும். அப்புறம் உள்ளே இருக்கிற குழந்தை வீறிடும். அப்புறம் ஒரு ஆள் நிலைப்படிக்குக் குனிந்து உள்ளே வருவான்.

அந்த ஆளைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஆறடிக்கு மேல் உயரம். இடது காதின் மேல்பாதி கிடையாது. காலிசெய்யப் போன ஒரு வீட்டில், ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது அவள் கடித்துத் துப்பிவிட்டாள். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் கடப்பாரை. அதில் அவனுக்குப் பெருமைதான். "நான் தெருமுனையில நின்னு இருமினாலே பாதிப் பேர் சாவியைக் கொண்டாந்து குடுத்துடுவாங்க" என்பான்.

வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டாதவர்களை வெளியேற்றுவது அவன் தொழில். இதற்கெல்லாம் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ், நீதிமன்றம், அவகாசம் என்று நாள் பிடிக்கும். வங்கிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் வங்கி யாரையும் அடிக்காது. வங்கிக்கு ஒரு ஏஜென்சி இருந்தது, ஏஜென்சிக்கு ஒரு முதலாளி இருந்தார், முதலாளிக்குக் கடப்பாரையும் ஒல்லி என்று ஒருவனும் இன்னும் சில தடியர்களும் இருந்தார்கள். சம்பளச் சீட்டில் 'கள அலுவலர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். களம் என்பது அடுத்தவர் வீட்டு நடு அறை.

அந்தத் தொழிலில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, முதலில் அடுப்பு. கட்டிலையும் பீரோவையும் இழுத்தால் வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் பிடித்து இழுப்பார்கள், சண்டை நீளும். அடுப்பைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதைப் பார்த்ததும் பெண்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடித்தவன் கடப்பாரை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான்.

இன்னொன்று, 'முறை'. எங்காவது மண்டை உடைந்து, புகார் காவல் நிலையம் வரை போனால், ஆட்களில் ஒருவன் முறைவைத்துப் போய் நிற்பான். "நான்தான் அடிச்சேன், சொந்தத் தகராறு" என்று கையெழுத்துப் போடுவான். அபராதத்தை முதலாளி கட்டுவார். வங்கியின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாது. அடித்தவனே போய் நிற்கவேண்டும் என்றில்லை; முறை யாருக்கோ அவன் போவான். ஒல்லியின் மனைவிக்குப் பிரசவ வலி வந்த சமயத்தில் அவனுடைய முறையையும் கடப்பாரையே எடுத்துக்கொண்டான். ஒரு தையல்காரரின் வலது கை முறிந்த கேஸ் அது. அந்த வீட்டுப் பக்கமே போகாதவன் கடப்பாரை. "போனா என்ன, போகலைன்னா என்ன, கையெழுத்துதானே" என்று போட்டுவிட்டு வந்தான்.

அவனை உத்தமனாக்க நான் எழுதவில்லை. அவன் உடைத்த கதவுகளை உடைத்தவன் அவனே. அவன் சொன்னதையும், அவன் மனைவி சொன்னதையும், அடிபட்டவர்கள் சொன்னதையும் அடுக்கிவைத்து, மூன்றும் ஒத்துப்போகிற இடங்களை மட்டுமே இங்கே தருகிறேன்.

இத்தனை வீடுகளைக் காலிசெய்தவனுக்குச் சொந்த வீடு இல்லை. மனைவியும் எட்டு வயது மகளும் அவனுமாக ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மனைவி ஒரு தொழிற்சாலையில் பஞ்சுச் சுருள் கட்டுகிற வேலை பார்த்தாள். காயம்பட்டவர்களுக்கு வைக்கும் பஞ்சு. "நீங்க உடைக்கிறதுக்கெல்லாம் நான்தான் பஞ்சு சுத்தறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஒரு நாள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பாப்பாவுக்கு ஒரு கதவு வேணுங்க. நாம சாத்தினா சாத்தினதா இருக்கணும். வீட்டுக்காரர் வந்து தட்டற கதவு வேணாம்."

வீடும் கிடைத்தது. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலறை. யாருக்காக உழைக்கிறோமோ அந்த வங்கியிலேயே கடன் கேட்டான். மேனேஜருக்கு அவனை நன்றாகத் தெரியும். 'கள அலுவலர்' சம்பளச் சீட்டைப் பார்த்தார், தலையாட்டினார். சில வாரங்களில் முதல்கட்ட ஒப்புதல் வந்துவிட்டது. மேனேஜரே எழுந்து கை கொடுத்தார்.

"இனி இறுதிச் சரிபார்ப்பு ஒண்ணுதான். சும்மா பேருக்கு. நீங்க நம்ம ஆள் இல்லையா?"

நம்ம ஆள்! அந்த வார்த்தையை நம்பி முன்பணம் கொடுத்தான். வாடகை வீட்டுக்காரரிடம் காலிசெய்வதாகச் சொன்னான். அவர் அடுத்த குடித்தனத்திடம் கைநீட்டி முன்பணம் வாங்கிவிட்டார். மனைவி புது வீட்டுக்குப் போய் வாசற்கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

"இந்தத் தாழ்ப்பாள் பத்தாதுங்க. இரும்புல போடணும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"எதுக்குடி? இது என்ன நகைக்கடையா?"

"உங்களை மாதிரி ஒருத்தன் வந்தா?"

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "என்னை மாதிரி ஒருத்தன் என் வீட்டுக்கே வருவானா? என் பேரைக் கேட்டாலே மாடிப்படியிலேயே உருண்டுடுவான்."

சாவி வாங்க வேண்டிய வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால், ஒரு குடும்பம் சாவியைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற விளம்பரம் ஒட்டியிருந்தது.

"தலைமை அலுவலகத்துல நிராகரிச்சுட்டாங்க."

"விளையாடாதீங்க சார்."

"உங்க மேல கேஸ் இருக்கு. ஒண்ணா ரெண்டா? வரிசையா இருக்கு. இதோ பாருங்க, வயசான தையல்காரர் ஒருத்தரோட கையை முறிச்சிருக்கீங்க."

"நான் அந்த வீட்டுக்கே போகலை சார். அது ஒல்லி பண்ணினது. முறைக்கு நான் கையெழுத்துப் போட்டேன். மத்த கேஸெல்லாம் உங்க வேலைக்குப் போனப்ப வந்ததுதானே?"

"எங்க வேலையா?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சொந்தத் தகராறுன்னு எழுதி நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நீங்கதானே சார் விலாசம் குடுத்தீங்க?"

"அடிதடி ஆளுக்குக் கடன் குடுத்தா எங்க பேர் என்ன ஆகிறது?" பிறகு, சூழ்நிலையை இளக்குவதாக நினைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "நாளைக்கு நீங்க தவணை கட்டலைன்னா, உங்க வீட்டுக்கு நாங்க யாரை அனுப்பறது, சொல்லுங்க?"

கடப்பாரையின் கை மேசைமேல் இறங்கியது. மேசையின் கண்ணாடி நட்சத்திரம்போல வெடித்து, ஒரு துண்டு அவன் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. அதைப் பிடுங்காமல் அந்தக் கையாலேயே மேனேஜரின் கழுத்துப்பட்டையைப் பிடித்து மேசைக்கு மேலே இழுத்தான். வெள்ளைச் சட்டையில் அவன் ரத்தம் கொடியாக இறங்கியது. காவலாளி ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். தினமும் அவனுக்கு வணக்கம் வைக்கிறவன்.

"வேணாம்ணே, விட்டுடுங்கண்ணே! என் வேலை போயிடும்ணே!"

மேனேஜருக்காக விடவில்லை. அந்தக் காவலாளிக்காக விட்டான்.

நேராக முதலாளியிடம் போனான். அவன் கையில் சுற்றியிருந்த துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தரை பாழாகிறதே என்று முதலாளி ஒரு பழைய செய்தித்தாளை அவன் காலடியில் போட்டார்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. கேஸெல்லாம் கம்பெனிக்காக எடுத்ததுன்னு சொல்லுங்க."

"எப்படிடா தம்பி சொல்றது? சொன்னா கம்பெனி இருக்குமா? உன் நேரம் சரியில்ல, அவ்வளவுதான். தலையில எழுதினதை யார் மாத்த முடியும்?"

கேட்டீர்களா? நேரமாம்! தலையெழுத்தாம்! நிராகரித்தது நேரம் இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மனிதன் நிராகரித்தான். கைகளை வாடகைக்கு எடுத்தவர்களும், வேலை முடிந்ததும் 'அழுக்குக் கை' என்று உதறியவர்களும் மாதாமாதம் சம்பளம் வாங்கும் மனிதர்கள். இந்த நாட்டில் பணக்காரர்கள் செய்கிற அயோக்கியத்தனம் முழுவதும் கடைசியில் ஏழையின் தலையெழுத்தாகிவிடுகிறது. அந்த எழுத்தைப் படித்தவன் எவனும் இல்லை. எழுதியவனுக்கு மட்டும் ஊதிய உயர்வு கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

"அடிதடிக்காரனுக்கு வங்கி எதற்குக் கடன் கொடுக்கவேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முந்தின கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: அடிதடிக்காரனை வங்கி எதற்கு வைத்திருந்தது?

புது வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். பழைய வீட்டுக்காரர் கூடுதல் நாள் தர மறுத்தார். "அடுத்த குடித்தனம் சாமானோட நிக்குதுப்பா, நான் என்ன பண்ண?" என்றார். கடப்பாரை கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தான். காலிசெய்ய மறுக்கும் குடித்தனக்காரர்களுக்கு என்ன செய்வது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஏஜென்சிக்குப் போன் செய்தார்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை. மனைவி அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள். கதவு தட்டப்பட்டது.

"அண்ணே." ஒல்லியின் குரல். "நான்தாண்ணே. முதலாளி அனுப்பினாரு. மரியாதையாப் பண்ணச் சொன்னாரு."

"என் வீட்டுல என்னடா மரியாதை? போயிடு."

"ரெண்டு புதுப் பசங்க கூட வந்திருக்காங்கண்ணே. நான் போனா என் வேலை போயிடும்ணே. நீங்களே திறந்துடுங்க."

அவன் திறக்கவில்லை. கதவு உதைபட்டது. திருகாணிகள் பிய்ந்து வருகிற அந்தச் சத்தத்தைக் கடப்பாரை வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளேயிருந்து கேட்டான்.

கதவு சாய்ந்து அவன் தோளில் விழுந்தது. அவன் அதைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் ஒல்லி அறையைக் கடந்துவிட்டான். யோசித்துச் செய்திருந்தால் வேறு எதையாவது தொட்டிருப்பான். பழகிய கை அது, பழக்கியவன் கடப்பாரை. ஒல்லி நேராகப் போய் அடுப்பைத் தூக்கினான்.

உலைப்பானை சரிந்தது. கொதிக்கிற தண்ணீர் மனைவியின் இரண்டு பாதங்களிலும் கொட்டியது. அவள் போட்ட கத்தலில் புதுப் பையன்களில் ஒருவன் படியிறங்கி ஓடியேவிட்டான். இன்னொருவன் கம்பை ஓங்கினான். கடப்பாரை அதைப் பிடுங்கி அவன் முட்டியில் போட்டான். பிறகு ஒல்லியின் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை நிலைக்கட்டையில் மோதினான். ஒரு முறை இல்லை, பல முறை. மூக்கு உடைந்து நிலையில் ரத்தம் தெறித்தது.

"அண்ணே, நான்ணே! உங்க ஒல்லிண்ணே!"

ஒல்லியின் வலது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்தான். எவ்வளவு வளைத்தால் வலிக்கும், எவ்வளவு வளைத்தால் உடையும் என்பது அவனுக்கு அத்துப்படி. அந்த எல்லை வந்தது. தெரிந்தே தாண்டினான். காய்ந்த விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம்.

"விடுங்க!" என்று மனைவி தரையில் கிடந்தபடியே கத்தினாள். "செத்துடப்போறான், விடுங்க!"

விட்டான். திரும்பினான். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் பார்த்தது ஒல்லியை இல்லை. தன் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் புதிதில்லை. அவன் போன வீடுகளிலெல்லாம் சுவரோடு ஒட்டி நின்ற குழந்தைகள் அவனை அப்படித்தான் பார்த்தார்கள்.

மனைவியின் பாதங்கள் கொப்புளித்து வீங்கின. அவன் பஞ்சு வைக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "இத்தனை பேர் வீட்டு அடுப்பைத் தூக்கித் தெருவுல வச்சீங்களே. அந்தப் பொம்பளைங்க எல்லாம் அன்னைக்கு எங்கங்க சமைச்சாங்க?"

ஒரு நாளும் அவன் அங்கே நின்று பார்த்ததில்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் அவனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாப்பா. வழக்கம்போலத்தானே? சொந்தத் தகராறுன்னு எழுதியே வச்சுட்டேன். இங்க கையெழுத்துப் போடு."

"இல்லைங்க. வேற எழுதணும்."

"வேற என்ன?"

"இந்த ஆளுங்களை அனுப்பினது யாருன்னு எழுதுங்க. என்னை இவ்வளவு நாளா அனுப்பினது யாருன்னும் எழுதுங்க. தையல்காரர் கையை நான் உடைக்கலைன்னு எழுதுங்க. மத்ததையெல்லாம் நான்தான் உடைச்சேன்னும் சேர்த்து எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். நின்றபடியே கேட்டார். பிறகு கன்னத்தில் அறைந்தார், உதடு கிழிந்தது. இரண்டாவது அறையில் பாதிக் காதிலும் ரத்தம் வந்தது.

"ஏண்டா, பெரிய வங்கியை இழுக்கிறியா? என்னடா ஆதாரம் இருக்கு உன்கிட்ட?"

"கதவுங்க சார்."

"என்ன?"

"நான் உடைச்ச கதவெல்லாம் அந்தந்த வீட்டுல இருக்கு சார். போய்ப் பாருங்க."

அவர்கள் எழுதவில்லை. லத்தி மட்டும் எழுதியது, முதுகிலும் உள்ளங்காலிலும். திருப்பி அடிக்கத் தெரிந்தவன், அடிக்கவில்லை. சொன்னதை மாற்றவும் இல்லை. கடைசியில், ஒல்லியை அடித்த கேஸில் மட்டும் உள்ளே தள்ளினார்கள். ஜாமீனில் வந்த பிறகு ஒரு வழக்கறிஞரைப் பிடித்தான். வங்கியும் ஏஜென்சியும் சேர்ந்து ஆள்வைத்து வீடுகளைப் பிடுங்குகின்றன, அதற்குத் தானே சாட்சி என்று நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தான். தானும் தண்டனை அனுபவிக்கத் தயார் என்று அதிலேயே எழுதச் சொன்னான். வங்கி பதில் போட்டது: 'இப்படியொரு நபரை எங்களுக்குத் தெரியாது. கடன் மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் அவதூறு பரப்புகிறார்.'

தெரியாத நபருக்குத்தான் மேனேஜர் எழுந்து கை கொடுத்திருக்கிறார்!

வழக்கறிஞர் சொன்னார்: "உன் ஒருத்தன் வாக்குமூலம் எடுபடாது. நீயே கேஸ் உள்ளவன். அடிபட்டவங்க யாராவது வந்து சொல்லணும்."

அவன் போனால் யார் கதவைத் திறப்பார்கள்? மனைவி போனாள். ஆறாத பாதங்களோடு, செருப்பை இழுத்து இழுத்து நடந்து, தையல்காரரைத் தேடிப் பிடித்தாள். அவர் ஒரு பழைய துணிக்கடையின் பின்பக்கம் ஒண்டியிருந்தார். முறிந்த கை கோணலாகக் கூடியிருந்தது. இடது கையால் பொத்தான் மட்டும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் யார் என்று அவள் சொன்னதும், கத்தரிக்கோலை எடுத்து அவள்மேல் வீசினார். இடது கை என்பதால் குறி தப்பிச் சுவரில் பட்டது.

"உன் புருஷன் என் வீட்டுக்கே வரலைன்னு எனக்குத் தெரியாதா? வந்தவன் ஒல்லி. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். 'ஒத்துக்கிட்டவன் ஒருத்தன் இருக்கான், நீ என்ன கிழவா உளர்றே'ன்னு துரத்தினாங்க. என்னை அடிச்சது ஒருத்தன். என் வாயை அடைச்சது உன் புருஷன். ரெண்டுல எது பெரிய அடின்னு நீயே சொல்லும்மா."

அவள் சமாதானம் சொல்லவில்லை. கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டாவதுதாங்க ஐயா" என்றாள்.

அவர் அவள் பாதங்களைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அடுப்பைத் தூக்கினாங்க."

"எங்க வீட்டுலயும் அதைத்தான் முதல்ல தூக்கினாங்க." ஊசியைத் துணியில் குத்திவைத்தார். "வர்றேன். உன் புருஷனுக்காக இல்ல. அவன் நல்லா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் கிடையாது. என் கைக்காக வர்றேன்."

அந்த இரண்டாவது மாடி வீடு போய்விட்டது. அதே வங்கியில் கடன் வாங்கி வேறொரு குடும்பம் அங்கே குடியேறிவிட்டது. கடப்பாரையும் மனைவியும் மகளும் ஒரு பட்டறையின் பின்னால் தகரம் அடைத்த இடத்தில் இருக்கிறார்கள். கதவு கிடையாது, கோணித் திரை. வெளியே அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டால் மகள் இப்போதும் சுவர்ப்பக்கம் நகர்ந்துகொள்கிறாள். அவன் இருமிவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவள் "வாங்கப்பா" என்று சொன்ன பிறகே திரையை விலக்குகிறான். ஒரு வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைய அவன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான்.

ஒல்லி மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டான். முதலாளி அவன் செலவை ஏற்கவில்லை. ஏஜென்சி வேறு பெயரில் நடக்கிறது. புதுப் பையன்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், முதலில் அடுப்பு என்று.

ஒரு தையல்காரர் போதாது. வங்கியின் வழக்கறிஞர்கள் அந்தக் கிழவரைக் கூண்டில் நிறுத்திக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். 'முதுமை, மறதி' என்று முடித்துவிடுவார்கள். இன்னும் ஆட்கள் வேண்டும்.

அதனால் முதலில் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கதவை யாராவது உதைத்துத் திறந்தார்களா? பாதிக் காது இல்லாத ஓர் ஆள் உங்கள் அடுப்பைத் தூக்கித் தெருவில் வைத்தானா? அவனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னிக்கவே வேண்டாம். அவன் செய்ததை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், மறுக்கமாட்டான். ஆனால் அவனோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவனை அனுப்பியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள்; வெட்கப்படவேண்டியவர்கள் வேறு இடத்தில் குளிர்ந்த அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விசாரணை நடக்கும் நாளில் நீதிமன்றத்துக்கு வாருங்கள். பிய்ந்த தாழ்ப்பாள் வீட்டில் கிடந்தால், அதையும் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.